உலக முடிவில் மூன்று நாள்

வியாழன் இரவு, ஹட்டன்

நாளை நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. இந்த மூன்று நாளுக்காக ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு தொடங்கியது கடலோரத்தில். குமணைக்குப் போய்க் கூடாரம் அடித்து யானையும் பறவையும் பார்ப்பது என்றுதான் முதல் திட்டம். மச்சான் கதிர்காமப் பாதயாத்திரையில் ஒகந்தை முருகன் கோயிலில் இருந்து குமணைக் காடு, யால காடு என்று நடந்தே போனவர். "காட்டுல படுத்து எந்திரிச்ச ஆளு இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான்" என்பது அவருடைய நிரந்தர வசனம். ஆனால் ஹட்டனில் இருந்து குமணைக்குப் போகவே ஒரு பகல் சரியாகிவிடும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் கையில் என்ன மிஞ்சும்? அப்போதுதான் அம்மா இடையில் புகுந்தார்.

"கடலப் பாக்கணும்னா அந்தக் கல்லு மேல ஏறுனாலே தெரியுமாமே. அங்க போங்களேன்."

அந்தக் கல்லு என்று அம்மா சொல்வது ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை. அம்மா பிறந்தது அதற்குக் கீழே, நொன்பரெல் தோட்டத்தில். கல்யாணம் முடித்து ஹட்டன் பக்கம் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வயதில் லீவுக்கு அங்கே போகும்போதெல்லாம் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் நின்று அந்தப் பாறைச் சுவரை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் அம்மாயி, "ஒண்ணுமில்ல, புல்லும் பனியுந்தான். வெள்ளக்காரனுங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போவானுங்க" என்பார். அதற்கு மேல் அவருக்கு அந்த இடத்தில் அக்கறை இல்லை. ஹட்டனில் பிறந்து, ஹட்டனிலேயே வேலையும் பார்க்கிற நான் நாற்பதை நெருங்கும் வரை ஒரு முறைகூட மேலே போய்ப் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இறங்கிய மறுநாளே போய்விடுகிறார்கள்.

பெரியம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். போனில் சொன்னேன், சனிக்கிழமை விடியக்காலையில் மேலே நிற்போம் என்று.

"எத்தன மணிக்கு?"

"ஏழு, ஏழரை இருக்கும் பெரியம்மா."

"அப்ப நான் கொடியில செவப்புக் கம்பளியப் போடுறேன். தெரியுதான்னு பாரு."

அக்கா மகனுக்குப் பதினொரு வயது. இதைக் கேட்டதில் இருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. நான்காவது ஆள் எங்கள் பாடசாலை விஞ்ஞான சேர். பறவைப் பைத்தியம். கமராவுக்கு அவர் வாங்கிய லென்ஸின் விலை அவர் வீட்டுக்கு இன்னும் தெரியாது.

சாமான் கட்டி முடியும்போது இரவு பத்து. இரவல் கூடாரம் இரண்டு, கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, மாசி, தேங்காய். கம்பளி ஆளுக்கு இரண்டு என்று நான் எடுத்து வைத்தேன். மச்சான் தன் பங்கைத் திருப்பி அலுமாரியில் வைத்துவிட்டு ஒரு படுக்கை விரிப்பை மட்டும் சுருட்டினார். குமணையில் மணலில் துண்டை விரித்துப் படுத்தவராம். சரி, படட்டும்.

முதல் நாள், வெள்ளி

ஹட்டன் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இல்லை. வந்த ரயிலில் அதைவிட இல்லை. கதவுப் படிகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர் கையில். நாங்கள் கூடாரத்தோடும் சாக்கோடும் கக்கூஸ் பக்கத்தில் ஒதுங்கி நின்றே போனோம். தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் என்று பார்த்துப் பழகிய தேயிலைதான் இரண்டு பக்கமும்.

நானுஓயாவில் கொஞ்சம் இடம் கிடைத்தது. சேர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். இந்த மலைகளில் ஒரு காலத்தில் யானை மந்தை மந்தையாகத் திரிந்ததாம். மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தனியாளாக 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்ததாம். "அது யானைச் சாபம்" என்றார் மச்சான் உடனே. விஞ்ஞான சேர் மறுக்கவில்லை.

அம்பேவெல தாண்டியதும் தேயிலை குறைந்து மாட்டுப் பண்ணைப் புல்வெளிகள் வந்தன. அடுத்தது பட்டிப்பொல, இலங்கையிலேயே ஆக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். அதற்குப் பிறகு 1,898 மீற்றரில் பாதையின் உச்சி, உடனே ஒரு சுரங்கம். இதைப் பற்றி அம்மா சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. உள்ளே நுழையும்போது ஜன்னலில் பனிமூட்டம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது பளீரென்று வெயில். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. மழையும் காற்றும்கூட அந்த எல்லையை ஓரளவு மதிக்கின்றன. மருமகன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஓஹியவில் இறங்கியது எங்களோடு இருபது முப்பது பேர்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் றொட்டியும் கட்டச்சம்பலும், சீனி தொட்டுக்கொண்டு ப்ளேன்டீயும். அம்மா கட்டித் தந்த றொட்டியும் இருந்தது, ஆனால் சூடு றொட்டிக்கு முன்னால் ஆறிய றொட்டி எடுபடாது. அங்கேயே ஒரு வேன் பேசிக்கொண்டோம். மேலே பதினொரு கிலோமீற்றர்.

அந்தப் பாதையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் டிரைவரை நிறுத்தச் சொன்னேன். என்னைத் தவிர யாருக்கும் அங்கே இறங்கக் காரணம் இல்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை, ஒரு கான், அதற்கு மேல் பாசி தொங்கும் குட்டை மரங்கள். வேலி போட்டாற்போல் வித்தியாசம். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கும் மலைக்காட்டில் கை வைக்காதீர்கள், ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். நுவரெலியாப் பக்கம் அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை இருக்கிறது, அது தனிக் கதை. ஆனாலும் இங்கே மிஞ்சிய காடு அந்த ஒரு சொல்லால் மிஞ்சியது. அதற்குக் கீழே இருந்த காட்டை எல்லாம் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டிச் சாய்த்தது எங்கள் பாட்டன் பூட்டன்மார் கைதான். வெட்டச் சொன்னவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வெட்டியவன் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயர்ப் பதிவுப் புத்தகத்தில் இருந்தால் உண்டு.

"என்ன மாமா பாக்கிறீங்க?" என்றான் மருமகன். "ஒண்ணுமில்லடா, தேயில" என்றேன். அம்மாயியின் பேரன்தானே நான்.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். பொலித்தீனுக்கு உள்ளே அனுமதி இல்லை. பிஸ்கட், கடலை எல்லாம் காகிதப் பைக்கு மாறின, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருந்த லேபிளைக்கூடக் கிழித்து எடுத்துவிட்டார்கள். மச்சானின் மிக்சர் பைக்கற்றுகள் நான்கும் ஒரே காகிதப் பையில் கொட்டப்பட்டன. கார மிக்சரும் இனிப்புக் கடலையும் கலந்துவிட்டதில் அவருக்கு மகா வருத்தம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உள்ளே போனதும் தெரிந்தது. வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு மரை, பெரிய மான் இனம், மாடு மாதிரி, மனிதரைக் கண்டு நகராமல் நின்றது. பை திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பியது. ஆட்கள் தீனி போட்டுப் பழக்கிவிட்டார்கள், உப்பு வாசனைக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி வயிறு அடைத்துச் சாகின்றன என்றார் காவலர். காவலர் பதுளைப் பக்கத்துக்காரர், சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்.

சமவெளியை முதலில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் மஞ்சள் புல், மேட்டில் கறுப்பாகக் காடு, நடுவில் ஒரு ஓடை. எங்கள் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் பட்டனாப் புல்வெளி மாதிரியேதான். இந்தப் புல்வெளிக்குச் சிங்களத்தில் பத்தன என்று பெயர். அக்கரப்பத்தனை என்று நாம் தினம் சொல்லும் ஊர்ப் பெயருக்குள் ஒரு புல்வெளி படுத்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. அக்கரப்பத்தனையில் இப்போது தேயிலைதான். இங்கே மட்டும் பெயரும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. மகா எலிய என்பது இந்தச் சமவெளியின் பழைய பெயர். 1834இல் இரண்டு ஆங்கிலேயப் படை அதிகாரிகள் வந்து "கண்டுபிடித்து", அப்போது ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கூடாரம் அடிக்க ஒன்றரை மணி நேரம். ஒரு கூடாரத்தின் கம்பி ஒன்று குறைந்தது. மச்சான் கட்டியதில் அது தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விரித்த படங்கு மாதிரி நின்றது.

சமையல் இன்னொரு சோதனை. சோறு ஒருவாறு வெந்தது. பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. 2,100 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது என்று சேர் விளக்கினார். இதைப் பருப்பைப் போடும் முன் சொல்லியிருக்கலாம். சோறும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம்.

ஏழு மணிக்கு நிலா காட்டுக்கு மேல் வந்தது. முழு நிலா. புல்வெளி முழுக்க வெள்ளையாகி, ஓடை மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. தூரத்தில் மரைகள் மந்தையாக இறங்கின. சேர் எண்ணினார், முப்பத்தேழு. அந்தக் கிழட்டு மரையைப் போல இல்லை இவை. நாங்கள் இருமினால் முப்பத்தேழு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

இப்போது மணி ஒன்பதரை. டோர்ச் வெளிச்சத்தில் கொப்பியில் எழுதுகிறேன். போனுக்குச் சிக்னல் இல்லை, கீழே இறங்கித்தான் இதைப் பதிய வேண்டும். விரல் மடங்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் மச்சானின் பல் கிட்டுகிற சத்தம் கேட்கிறது.

இரண்டாம் நாள், சனி

இரவு இரண்டு மணி இருக்கும். "டொங்" என்று ஒரு சத்தம், தகரத்தில் அடித்தாற்போல். பிறகு இன்னொன்று. பிறகு வேறு பக்கத்தில் இருந்து. மருமகன் என் கையைப் பிடித்தான். "மரை கத்துதுடா" என்றேன். எதற்குக் கத்துகிறது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தக் காட்டில் மரைக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. சத்தம் மெல்ல மெல்ல ஓடைப் பக்கமாக நகர்ந்து போனது. எது நடந்து போகிறதோ அதன் வழியை மரைகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. பிறகு அமைதி.

ஐந்தரைக்கு எழுந்தபோது கூடாரத் துணி விறைப்பாக இருந்தது. கையை வைத்தால் மொறமொறவென்று உதிர்ந்தது. உறைபனி. மேகம் இல்லாத இரவில் நிலத்துச் சூடு முழுவதும் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளத்தில் புல்லும் மேட்டில் மரமுமாக இருக்கிறது, உறைபனி மரக்கன்றைக் கருக்கிவிடும் என்று காவலர் சொன்னார். மச்சான் இரவில் என் இரண்டாவது கம்பளியை எடுத்துப் போர்த்தியிருந்தார். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். புல் காலடியில் கண்ணாடி போல நொறுங்கியது. ஓடையைக் கடக்கும் இடத்தில், ஈரச் சேற்றில், சேர் சட்டென்று கையைக் குறுக்கே நீட்டினார். ஒரு சுவடு. நான்கு விரல், நகம் பதியவில்லை. என் உள்ளங்கை அளவு. அதன் மேல் பனி படியவில்லை, ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது. ராத்திரி டொங் டொங் என்று மரைகள் சொன்ன பாதை இதுதான். மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, நம்ம கூடாரத்துக்கு எவ்வளவு தூரம்?" என்றான். திரும்பிப் பார்த்தேன். கூடாரம் அங்கேயே தெரிந்தது. பொய் சொல்ல வழியில்லை.

நாங்கள் சிறுத்தையைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் பார்த்திருந்தால் இவ்வளவு நினைவில் நிற்குமா தெரியாது. அந்தச் சுவட்டைப் பத்து நிமிடம் சுற்றி நின்று பார்த்தோம்.

காட்டுக்குள் நுழைந்ததும் வேறு உலகம். மரங்கள் பெரிதாக இல்லை, கிளைகள் முறுக்கிக்கொண்டு குடை மாதிரி விரிந்திருந்தன. கீன மரங்கள். ஒவ்வொரு கிளையிலும் பாசி ஊறிச் சொட்டுகிறது, மழை இல்லை. மேகத்தை இலையால் பிடித்துத் தண்ணீராக்கும் காடு இது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று இந்தப் பக்கத்து மலைகளில் இருக்கிறது. இத்தனை ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற இடம் வெறும் முப்பத்தொரு சதுரக் கிலோமீற்றர் பூங்கா என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது. ஆனால் சில இடத்தில் மரங்கள் நின்றபடியே காய்ந்து வெள்ளை எலும்பாகக் கிடக்கின்றன. 1970களில் இருந்தே இப்படிச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். காற்று மாசு, மண், வறட்சி என்று பல காரணம் சொல்கிறார்கள்.

மரத்துக்கு அடியில் அடர்ந்து நின்ற செடியைக் காட்டி "இதுதான் நெலு" என்றார் சேர். நம் குறிஞ்சியின் உறவு. இந்த இனத்தில் சில, பன்னிரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே வருடத்தில் எல்லாமாகப் பூத்து, விதை போட்டுச் சாகும். இங்கே 2013இல் பூத்தது.  அடுத்த முறை பூக்கும்போது வருவோம் என்று மருமகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். குறிஞ்சி நிலத்தில் பிறந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறிஞ்சித் திணை படிப்பிக்கிற தமிழாசிரியன் நான். அந்தப் பூவை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

சின்ன உலக முடிவில் அதிகம் நிற்கவில்லை. மருமகன் விடவில்லை. ஏழு இருபதுக்கு உலக முடிவு.

காடு சட்டென்று முடிகிறது, தரையும் முடிகிறது. சுமார் 870 மீற்றர். கம்பியும் இல்லை சுவரும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன், இப்போது நிற்பதற்கு மேடை மாதிரி ஓர் இடம் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கால் கூசுகிறது. கீழே மலைகள் மடிப்பு மடிப்பாக இறங்கிப் போய், சமனலவெவ நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டாக மின்னியது. அதற்கும் அப்பால் உடவளவைப் பக்கம் சமநிலம். அடிவானத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு. "கடல்!" என்றார் மச்சான். "அது மூடுபனியாகவும் இருக்கலாம்" என்றார் சேர். "நான் ஒகந்தையில கடலப் பாத்தவன். எனக்குத் தெரியாதா?" என்று மச்சான் முடித்துவிட்டார். சரி, கடல் என்றே எழுதிவைக்கிறேன். குமணைக்குப் போகாத குறை அதோடு தீர்ந்தது.

எனக்குக் கடல் முக்கியமாக இல்லை. நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தேயிலை தெரிந்தது. பச்சைக் கம்பளத்தை மடித்துப் போட்டாற்போல் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு அது தோட்டத்து மலைகளின் நம்பர் நம்பராகப் பிரிந்து தெரிந்தது. கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பு, கொழுந்து நிற்கிற மலை இளம்பச்சை. வளைந்து போகிற கோடு லொறி ரோட்டு. ரோட்டோரத்தில் நீளமாக, தீப்பெட்டியைப் படுக்கப் போட்டாற்போல் தகரக் கூரைகள். லயம். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் நின்ற கொழும்புக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, "அம்மா, அங்க ஆக்கள் இருக்கிறாங்களா?" என்று கேட்டது. "இருப்பாங்க போல" என்றார் அந்தத் தாய். பிழை சொல்ல முடியாது. அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் ஆள் இருப்பதற்கு அடையாளம் புகை ஒன்றுதான்.

சேர் லென்ஸைத் திருப்பினார். கமராத் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் மருமகன் கத்தினான். "செவப்பு! மாமா, செவப்பு!" இரண்டாவது கூரைக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி. ஊசிமுனை அளவு. அசைந்தது போலவும் இருந்தது. பெரியம்மா! அவன் தன் தொப்பியைக் கழற்றி ஐந்து நிமிடம் ஆட்டினான். அந்தக் கொழும்புப் பிள்ளையும் காரணம் தெரியாமலே சேர்ந்து ஆட்டியது. மச்சான் வாய்க்குக் கைகுவித்து "ஓ" என்று கூவப் போனார், நாங்கள் தடுத்தோம்.

எட்டரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்து புகை மாதிரி ஒன்று எழுந்தது. சின்ன வயதில் நாங்கள் வாசலில் நின்று, மேகம் பாறையில் ஏறுவதைப் பார்ப்போம். அந்த மேகம் இப்போது என் முகத்துக்கு நேராக ஏறி வந்தது. முதலில் லயம் போனது, பிறகு தேயிலை, பிறகு நீர்த்தேக்கம். கால் மணி நேரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். அப்போதுதான் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிய பெருங்கூட்டம் வந்து சேர்ந்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. இருபது மீற்றர் உயரம், தண்ணீர் இந்த மாதத்திலும் குறையவில்லை. சாமுவேல் பேக்கர் என்பவரும் வேட்டைக்காரர்தான், நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்து, பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர். இந்தத் தண்ணீர் பெலிஹுல் ஓயாவாக இறங்கி, வளவை கங்கையில் கலந்து, அம்பலாந்தோட்டையில் கடலில் விழுகிறது. மச்சான் பார்த்த கடல்.

அருவிக்கு இறங்கும் படியோரத்தில் மருமகன் கண்டுபிடித்ததுதான் இன்றைய பரிசு. மூக்கில் கொம்பு வைத்த ஓணான். விரல் நீளம் இருக்கும், பாசி படிந்த கிளையில் ஒட்டிக்கொண்டு, காண்டாமிருகத்தின் குட்டி உருவம் மாதிரி. இலங்கை மலைநாட்டைத் தவிர வேறு எங்கும் இல்லாத உயிர். அது எங்களைப் பார்த்தும் அசையவில்லை. பிறகு சேருக்கு, நீரோடை இருட்டில் சீட்டி அடிக்கும் ஒரு கருநீலப் பறவை ஒரு நொடி தரிசனம் தந்தது. அரெங்கா என்று அதற்கு இன்னொரு பெயர். படம் மங்கலாக விழுந்தது. அதற்கே அவர் பகல் முழுதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கணக்கில் ஒன்பது கிலோமீற்றர் சொச்சம், முழங்காலில் அது பதினெட்டு. காலில் அட்டை கடித்தது எனக்கு மட்டும் மூன்று.

பின்னேரம் காவலரோடு கொஞ்ச நேரம் பேசினோம். இந்தப் புல்வெளியில் 1960களில் உருளைக்கிழங்கு போட்டார்களாம். 1969இல் அதைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்து, 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். யானை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு முடிந்தது. மஞ்சள் பூவோடு அழகாக இருக்கிறதே என்று நான் படம் எடுத்த முட்செடி, வெள்ளைக்காரர் கொண்டுவந்து பிறகு அடங்காமல் பரவியதாம். அதைப் பிடுங்குவதே பெரிய வேலை என்றார். ஓடையில் நீந்தும் ட்ரவுட் மீனும் அவர்கள் விட்டதுதான்.

இரவு. நேற்றைப் போல் இல்லை. தள்ளி ஒரு கூட்டம் கூடாரம் அடித்து ஸ்பீக்கர் போட்டது. நிலாவும் இருந்தது, புல்லும் இருந்தது, மரை ஒன்றும் இறங்கவில்லை. எட்டரை மணிக்குக் காவலர் போய் நிறுத்தினார். அதற்குப் பிறகு வெகுநேரம் காது வெறுமையாக இருந்தது. நேற்று ஊறப்போட்ட பருப்பு இன்று வெந்தது. மச்சான் இப்போதே என் கம்பளிக்குள் இருக்கிறார்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஓஹிய, அங்கிருந்து ரயிலில் ஹப்புத்தளை, பிறகு பஸ்ஸில் பெரகல, ஹல்துமுல்ல, பெலிஹுல்ஓயா. வளைவுகளில் மருமகன் வாந்தி எடுத்தான். பறவை பார்த்த கதையை சேர் ஒரு கொண்டக்டருக்குச் சொல்லி முடித்தார். பெலிஹுல்ஓயாவில் இருந்து ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏறினோம். ரோட்டு என்று சொல்லப்படுவது கல்லும் பள்ளமும். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். நேற்று மேலிருந்து அழகான கோடாகத் தெரிந்ததும் இதே ரோட்டுதான்.

பெரியம்மா வாசலிலேயே நின்றார். கொஞ்சம் குறுகிப் போயிருக்கிறார். அறுபத்தெட்டு வயது, பதிவு வேலையில் இருந்து விலகிச் சில வருடம் ஆகிறது. தேத்தண்ணி வருமுன்னே மருமகன் பாய்ந்தான்.

"அம்மாயி, கம்பளியப் பாத்தோம்! செவப்பா தெரிஞ்சிச்சு! நான் தொப்பியக் காட்டுனேன், நீங்க பாத்தீங்களா?"

பெரியம்மா கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "ஐயோ, சாமி! மறந்தே போச்சே. நேத்து காலையில கைக்காசு வேலைக்குக் கூப்பிட்டாங்க. கொழுந்து முத்திப் போச்சுன்னு ஆறரைக்கெல்லாம் மலைக்கு ஏறிட்டேன். கம்பளி பொட்டியிலதான் கெடக்கு."

"அப்ப செவப்பா இருந்தது?"

எல்லாரும் கொடியைப் பார்த்தோம். கொடியில் ஒரு பாடசாலைச் சட்டை, இரண்டு சாக்கு. மூன்றாம் வீட்டு அக்காவிடம் கேட்டோம், அவர் நேற்று துணியே துவைக்கவில்லையாம். கடைசி வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிள் சிவப்பு, ஆனால் அது வெள்ளிக்கிழமையே பலாங்கொடைக்குப் போய்விட்டது. சேர் கமராவை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். பெரியம்மா கண்ணுக்கு எட்ட வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். சிவப்புப் புள்ளியை அவர் பார்க்கவே இல்லை. கூரைகளை விரலால் எண்ணிக்கொண்டு போனார்.

"இது எங்க லயமே இல்லடா. இது மேல் டிவிசன். எங்க லயம் இந்த மரத்துக்குப் பின்னாடி இருக்கு. அங்கருந்து தெரியாது."

பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நான் நேத்து கொழுந்தெடுத்தது இந்தா இந்த மலையில" என்று படத்தின் ஓரத்தில் இருந்த பச்சையைத் தொட்டார். மருமகன் அந்த இடத்தைப் பெரிதாக்கினான். பெரிதாக்கப் பெரிதாக்கப் பச்சை கட்டம் கட்டமாக உடைந்தது. கட்டங்களுக்கு நடுவே வெள்ளையாக நாலைந்து புள்ளி.

"சாக்கா, ஆளா?" என்றார் மச்சான்.

"ஆளுதான்" என்றார் பெரியம்மா. "இதுல நான் எதுன்னு கேக்காதீங்க."

தேத்தண்ணி வந்தது. வாசலில் நின்று குடித்தோம். அண்ணாந்து பார்த்தேன். கல்லு தெரியவில்லை, மேகம் பாதி வரை இறங்கி நின்றது.